கறை யார் கையில்?

1862-ஆம் ஆண்டின் கடைசி நாள். இங்கிலாந்து நாட்டு மான்செஸ்டர் நகரிலே, தடையிலா வணிக மண்டபம் எனப் பெயர் பெற்ற பெருங்கட்டடத்திலே, தொழிலாளர் கூடுகின்றனர். கடுங்குளிர். பலர் வீட்டு அடுப்பிலே நெருப்பில்லை. ஆலைப் புகைபோக்கிகள் புகை கக்குவதை நிறுத்திப் பல திங்களாயிற்று. நூற்றவனுக்கு வேலை இல்லை, நெய்தவனுக்கு வேலை இல்லை. லங்காஷயர் வட்டாரத்திலே ஏறக்குறைய 5 இலட்சம் பேர் பிறர் தரும் உதவியால் உயிர் தாங்கிய காலம் அது.

பட்டினி கிடப்போர் கூடினால் எதைக் கேட்பர்? சோறு கேட்பர்; வேலை கேட்பர். மூடிய கதவைத் திற என்று முழங்குவர். மான்செஸ்டர் தொழிலாளர் அன்று கூடியது அதற்காக அன்று. கடல் கடந்த அமெரிக்காவின் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனுக்கு ஒரு மடல் அனுப்பக் கூடினர். அவர்களுடைய ஆலைகளுக்குப் பஞ்சு வராமற் போனதற்கு ஒரு பெருங்காரணம், தென் மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்ட லிங்கனின் கப்பற்படை! அந்த லிங்கனுக்குத்தான், 'அடிமைத்தளையை அறுத்தெறியுங்கள், எங்கள் வாழ்த்து உங்களுக்கு' என்ற பொருள்பட எழுதினர்.

வரலாற்று நூல்கள் இந்நிகழ்ச்சியை ஒரு வரியிலே கூறிவிட்டு அப்பாற் செல்கின்றன. என் மனமோ அங்கேயே நின்றுவிட்டது. ஏனெனில் இந்த மடலுக்குள்ளே ஒரு கேள்வி மறைந்து கிடக்கிறது. 1862-இலே அடிமைத்தனம் தீது என்று கண்டார்களே, 1852-இலே அதே ஆலையிலே நூற்ற நூல் எவன் பறித்த பஞ்சு? அதே அடிமை பறித்த பஞ்சுதானே! அப்படியானால் பத்தாண்டுகளாக அந்தக் குற்றத்திலே அவர்களுக்கும் பங்கு இருந்ததா, இல்லையா? பஞ்சை வாங்கிய முதலாளிக்குப் பங்குண்டா? நெய்த துணியை வாங்கி உடுத்திய இலண்டன் சீமாட்டிக்குப் பங்குண்டா? கொடுமை ஓரிடத்தே நடக்க, அதன் பயன் வேறிடத்தே விலைபோக, இடையிலே ஆயிரம் கைகள் மாற, கறை யார் கையிலே ஒட்டுகிறது?

விடை தேடுமுன், பஞ்சு வந்த பாதையைப் பார்ப்போம்.

1793-ஆம் ஆண்டு வரை அமெரிக்க நாட்டிலே பருத்தி பெரும்பயிரன்று. உள்நாட்டு நிலத்தில் விளைந்த பருத்தியிலே, கொட்டையும் பஞ்சும் பிரிய மாட்டா. நாள் முழுதும் உட்கார்ந்து கையாற் பிரித்தால் ஒருவர்க்கு ஒரு ராத்தல் தேறும். அவ்வாண்டிலே எலி விட்னி என்ற இளைஞர், கொட்டை பிரிக்கும் பொறி ஒன்றை அமைத்தார். ஒரு ராத்தல் பிரித்த கை ஐம்பது ராத்தல் பிரித்தது. அறிவின் ஆக்கம் இது. உழைப்பைக் குறைக்கும் பொறி இது. இனி அடிமைக்கு ஓய்வு என்றுதானே எவரும் எண்ணுவர்?

நடந்தது வேறு. பிரிப்பது எளிதானதும், பறிக்க ஆள் போதவில்லை. விளைக்க நிலம் போதவில்லை. 1790-இல் சில ஆயிரம் பொதியாக இருந்த அமெரிக்கப் பஞ்சு, 1860-இல் ஏறக்குறைய 40 இலட்சம் பொதியாயிற்று. அதே எழுபதாண்டுகளிலே அந்நாட்டின் அடிமைகள் 7 இலட்சத்திலிருந்து ஏறக்குறைய 40 இலட்சமாயினர். 1808-இலிருந்து ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டு வருவதற்குச் சட்டப்படி தடை. தடை இருந்தால் என்ன? புகையிலை விளைந்து களைத்துப்போன வர்ஜீனியா மண்ணிலே பிறந்த பிள்ளைகளைத் தெற்கே விற்றார்கள். தாய் ஒரு பக்கம், சேய் ஒரு பக்கம். ஏறக்குறைய 10 இலட்சம் பேர் இவ்வாறு நாட்டுக்குள்ளேயே தெற்கு நோக்கியும் மேற்கு நோக்கியும் கொண்டு செல்லப்பட்டனர். நியூ ஆர்லியன்ஸ் சந்தையிலே பல்லைப் பிடித்துப் பார்த்து மனிதனை வாங்கினர்.

நிலம் எங்கிருந்து வந்தது? அங்கே மக்கள் இல்லையா? இருந்தனர், சாக்டா, கிரீக், சிக்கசா, செரோகி என்ற தொல்குடிகள். 1830-இல் ஒரு சட்டம் இயற்றினர். இயற்றிய சட்டத்தின் துணையோடு அவர்களை மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் துரத்தினர். செரோகி மக்களில் மட்டும் வழியிலும் முகாமிலுமாக ஏறத்தாழ நாலாயிரவர் மாண்டனர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மாண்டவன் மண்ணிலே பருத்தி பூத்தது.

அந்தப் பருத்திக் காட்டிலே ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பதைத் தாமே எழுதி வைத்தவர் சாலமன் நார்த்தப். வட மாநிலத்திலே உரிமையோடு வாழ்ந்த கறுப்பர். 1841-இல் கடத்தப்பட்டு, லூயிசியானாவிலே பன்னிரண்டாண்டுகள் அடிமையாகக் கிடந்து மீண்டவர். மாலையிலே கூடையை எடைபோடும் இடத்துக்கு வருவதைப் பற்றி அவர் எழுதியிருப்பது நெஞ்சைவிட்டு நீங்காது. எடை குறைந்தால் சவுக்கு. கூடினாலோ, நாளை முதல் அந்தக் கூடுதலே அவனுக்கு விதித்த அளவு. ஆகவே குறைந்தாலும் அச்சம், கூடினாலும் அச்சம். கூலியில்லாத உழைப்பிலே, திறமையும் ஒருவனுக்குப் பகையாகிறது!

இந்தப் பஞ்சு, பொதியாகக் கட்டப்பட்டு லிவர்பூல் துறையிலே இறங்குகிறது. இனித்தான் விந்தை. தரகர் வருகிறார். பொதியிலிருந்து ஒரு பிடி பஞ்சை உருவுகிறார். இரு கைப் பெருவிரல்களுக்கிடையே இழுத்து இழையின் நீளம் பார்க்கிறார். நிறம் பார்க்கிறார். தூசும் சருகும் எவ்வளவு என்று பார்க்கிறார். தரம் இன்னது, விலை இவ்வளவு என்று முடிவு கட்டுகிறார். நீளத்துக்கு ஓர் அளவு உண்டு. வெண்மைக்கு ஓர் அளவு உண்டு. பறித்தவன் யார், அவன் முதுகு எப்படியிருக்கிறது என்பதற்கு அந்த அளவையிலே இடமில்லை. தரகர் கொடியவரல்லர். ஞாயிறுதோறும் கோயிலுக்குச் செல்பவராக இருந்திருப்பார். அவர் பொய் சொல்லவில்லை, திருடவில்லை, எவரையும் அடிக்கவில்லை. பஞ்சைத் தொட்டார், பஞ்சு மென்மையாக இருந்தது. அவ்வளவே.

விலை என்பது ஒரு திரை. பண்டம் இப்புறம் வரும். பண்டத்தின் பிறப்பு அப்புறமே நின்றுவிடும். அந்தத் திரையைத் தூக்கிப் பார்க்க எவருக்கும் கடமையில்லை என்பதே வணிகத்தின் வழக்கம்.

தூக்கிப் பார்த்தால் தெரியாதா? தெரியும். அதுவே வேதனை. இங்கிலாந்து 1807-இல் அடிமை வணிகத்தை ஒழித்த நாடு. 1833-இல் தன் ஆட்சிக்குட்பட்ட பெரும்பாலான இடங்களில் அடிமைத்தனத்தையே ஒழிக்கச் சட்டம் செய்த நாடு. (அதற்கென 2 கோடிப் பவுன் இழப்பீடும் கொடுத்தது. யாருக்கு? அடிமைப்பட்டுக் கிடந்தவனுக்கன்று, அடிமைகளை உடையவனுக்கு! இழந்தவன் அவன்தானாம்!) தன் கொடிக்குக் கீழே அடிமை கூடாது என்று சொன்ன அந்நாடே, தன் ஆலைக்கு வேண்டிய பஞ்சில் முக்காற்பங்குக்கு மேல் அமெரிக்க அடிமையின் கையிலிருந்து வாங்கியது. வாசலில் தோரணம், கொல்லையில் குப்பை.

இந்த வாங்கும் கையை நம்பித்தான் தோட்ட முதலாளிகள் துணிந்து பேசினர். 1858 மார்ச்சில் தென் கரோலைனாவின் ஜேம்ஸ் ஹாமண்ட் அமெரிக்க மேலவையிலே எழுந்து, பஞ்சே அரசன், அவனோடு போர் தொடுக்க உலகில் எவர்க்கும் துணிவில்லை என்று மார்தட்டினார். அதே உரையிலே இன்னொன்றும் சொன்னார். எந்தச் சமுதாயத்திலும் தாழ்ந்த வேலைகளைச் செய்வதற்கென்றே ஒரு கூட்டம் அடியிலே கிடக்க வேண்டும். அதன் மீதுதான் நாகரிகம் எனும் மாளிகை எழும் என்றார். தோட்டக்காரருக்குத் துணையாகச் சமயவாணரும் வந்தனர். நோவா என்ற முன்னோன் இட்ட சாபத்தால் கறுப்பர் அடிமையாயினர் என்று மறைநூலைப் புரட்டிக் காட்டினர். அடியிலே கிடக்க ஒரு கூட்டம்! ஆண்டவன் வகுத்த வகை! இந்தக் குரல் நமக்குப் புதிதா? தலையிற் பிறந்தவன் ஒருவன், காலிற் பிறந்தவன் ஒருவன் என்று நம் நாட்டில் ஓதியவரும் ஹாமண்டும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. சுரண்டுகிறவன் எங்கிருந்தாலும் கடவுளை எழுத்தராக அமர்த்திக் கொள்கிறான்.

சரி, கேள்விக்கு வருவோம். வாங்குபவனுக்குப் பங்குண்டா?

உண்டு என்று முதலில் சொன்னவர்கள் அமெரிக்காவின் குவேக்கர் நெறியினர் சிலரும், அவரோடு சேர்ந்த கறுப்பின மக்களுமாவர். அடிமை விளைத்த சர்க்கரையை உண்ணோம், அடிமை பறித்த பஞ்சை உடுத்தோம் என்றனர். 1826-இல் பெஞ்சமின் லண்டி என்பவர் பால்டிமோர் நகரிலே, உரிமை உழைப்பில் விளைந்த பொருள்களை மட்டும் விற்கும் கடை திறந்தார். 1847-இல் லீவை காபின் சின்சினாட்டியிலே அத்தகைய மொத்தக் கடை வைத்தார். தப்பியோடி வந்த அடிமைகளுக்குப் புகலிடம் தந்த பெருமகன் இவர். கொள்கை உயர்ந்தது. ஆயினும் கடைகள் தழைக்கவில்லை. துணி விலை கூடுதல், தரம் குறைவு, கிடைப்பதோ அரிது. வில்லியம் லாயிட் காரிசன், அடிமை ஒழிப்பிலே அனல் கக்கிய எழுத்தாளர், முதலில் இதனை வரவேற்றவர், பின்னர் கைவிட்டார். தன் உடையைத் தூய்மையாக வைத்துக்கொள்ளும் முயற்சியிலே, அடிமையின் விலங்கை மறந்துவிடக் கூடும் என்பது அத்தரப்பாரின் வாதம்.

அந்த வாதம் என்னை நெடுநேரம் நிறுத்திற்று. என் கை தூய்மையானால் போதுமா? நான் வாங்காத துணியை வேறொருவன் வாங்குகிறான். தோட்டத்தில் சவுக்கு ஓயவில்லை. அப்படியானால் என் விலகல் எனக்கு நான் கொடுத்துக்கொள்ளும் பாராட்டு மட்டுந்தானா? ஆம் என்று சொல்ல நா எழுகிறது. ஆனால் அந்தக் கடைகள் ஒன்று செய்தன. 'எங்கிருந்து வந்தது இது?' என்ற கேள்வியைக் கடை மேசை மீது வைத்தன. கேள்வியே கேட்காத உலகத்திலே அது சிறு செயலன்று.

அந்தக் கேள்வியை மான்செஸ்டருக்கே கொண்டு சென்றவர் ஒரு பெண். சாரா பார்க்கர் ரெமாண்ட், உரிமையோடு பிறந்த கறுப்பினப் பெண்மணி. 1859-இல் அந்நகரிலே மேடையேறினார். உங்கள் தெருவிலே வண்டி வண்டியாகப் பஞ்சு போகக் காணும்போதெல்லாம் அதை விளைத்த தோட்டங்கள் என் நினைவுக்கு வருகின்றன, அதற்கு நீங்கள் தரும் பணத்தில் ஒரு காசும் உழைத்தவன் கைக்குப் போவதில்லை என்ற கருத்தை எடுத்துரைத்தார். திரையைத் தூக்கிக் காட்டிவிட்டார்! அன்று வரை அறியேன் என்றவன், அன்று முதல் அறியேன் எனல் ஆகாது.

என் கருத்து இதுவே: கறை எல்லார் கையிலும் ஒரே அளவு ஒட்டுவதில்லை. எவ்வளவு அறிந்தான், மறுக்க எவ்வளவு வலிமை உடையவனாயிருந்தான் என்ற இரண்டையும் பெருக்கி வரும் தொகையே ஒருவன் பங்கு. ஆலை முதலாளி அறிவான். அவனிடம் பணமும் உண்டு, பாராளுமன்றத்திலே நாவும் உண்டு. நூற்கும் பெண்ணுக்குக் கிழமைக் கூலி தவிர வேறென்ன உண்டு? அவள் மறுத்தால் அவள் பிள்ளை பசித்திருக்கும். ஆகவே அவள் பங்கு அணுவளவு. முதலாளியின் பங்கு மலையளவு.

ஆனால் கணக்குத் தீர்க்க முன்வந்தவர் யார் என்று பாருங்கள். லிவர்பூல் வணிகர் பலர் தென் மாநிலத்தின் பக்கம் நின்றனர். அந்நகருக்கு எதிர்க்கரையான பர்க்கன்ஹெட்டிலே கட்டப்பட்ட 'அலபாமா' என்ற கப்பல், தென்னவர்க்காகக் கடலிலே கொள்ளையடித்தது. மலையளவு பங்குடையோர் இவ்வாறிருக்க, அணுவளவு பங்குடையோர் பட்டினியோடு மண்டபத்தில் கூடினர்!

இதனைக் காவியமாக்கிவிட நான் விரும்பவில்லை. லங்காஷயர் தொழிலாளர் எல்லாரும் லிங்கனை வாழ்த்தினர் என்பது மெய்யன்று. முற்றுகையை உடைத்துப் பஞ்சு கொண்டு வா என்று கூவிய ஊர்களும் உண்டு. பசி பொறுக்கச் சொல்லிப் பாடம் நடத்துவது வயிறு நிறைந்தவனுக்கு எளிது. 1863 மார்ச்சில் ஸ்டேலிபிரிட்ஜ் நகரிலே, உதவியைப் பணமாகத் தராமல் சீட்டாகத் தருவோம் என்றபோது, மக்கள் பொங்கியெழுந்து கடைகளை உடைத்தனர். வறியவன் கையில் காசு கொடுத்தால் குடித்துவிடுவான் என்ற எண்ணம் எந்நாட்டுக் கொடையாளியையும் விடுவதில்லை போலும். இவையெல்லாம் உண்மை. இவ்வளவுக்கும் இடையிலே அந்த மடல் எழுதப்பட்டது என்பதும் உண்மை. 1863 சனவரி 19 அன்று லிங்கன் விடை எழுதினார். எக்காலத்தும் எந்நாட்டும் இதனை விஞ்சிய வீரம் இல்லை எனும் பொருள்பட. அடுத்த திங்களே அமெரிக்க மக்கள் அனுப்பிய உணவுக் கப்பல் லிவர்பூலை அடைந்தது.

இதுவரை அயலார் கதை. படிக்கும் நமக்கு ஒரு நிம்மதி இருக்கிறதல்லவா, நாம் இதிலே இல்லை என்று? அந்த நிம்மதியும் நிலைக்காது. பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளிலே, மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை விலைக்கு வாங்கிய ஐரோப்பியர், விலையாகக் கொடுத்த பண்டங்களில் முதன்மையான ஒன்று இந்தியப் பருத்தித் துணி. நம் சோழமண்டலக் கரையிலே நெய்த துணியும் அதில் உண்டு. கினி என்ற ஆப்பிரிக்கக் கரையின் பெயரையே அத்துணிக்கு இட்டிருந்தனர். நம் நெசவாளி தறிக்குழியில் கால் புதைத்து நெய்த துணி, எங்கோ ஒரு கரையிலே, ஒரு தாயின் விலையாக எண்ணி வைக்கப்பட்டது.

நம் நெசவாளி குற்றவாளியா? அவன் அறியான். அறிந்திருப்பினும், கும்பினித் தரகன் கொடுத்த முன்பணத்திலே கட்டுண்டு கிடந்தவனால் மறுக்க இயலுமா? என் அளவுகோல்படி அவன் பங்கு இன்மைக்கு மிக அருகில். ஆயினும், பழம்பெருமை பேசும்போது, நம் துணி கடல் கடந்து சென்றது என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோமே, அது சரியா? எதற்காகச் சென்றது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

அமெரிக்கப் போர் மூண்டபோது நிலை தலைகீழாயிற்று. ஆலை முதலாளிகளின் கண் இந்தியப் பஞ்சின் மீது பாய்ந்தது. 1840-களிலேயே கோவையிலே இராபர்ட் வைட் என்ற தாவரவியலாளரைக் கொண்டு அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்த்தது கும்பினி, பெரும்பயன் விளையவில்லை. 1861-க்குப் பின்னரோ, விளைந்த பஞ்செல்லாம் பொன்னாயிற்று. பம்பாயிலே பணம் மழையாய்ப் பெய்தது. 1865-இல் போர் முடிந்தது, விலை வீழ்ந்தது, பம்பாயின் வங்கிகளும் குழுமங்களும் சரிந்தன. கறுப்பர் விடுதலை பெற்ற செய்தியை, இங்கே பஞ்சில் பணம் போட்டவன் நட்டச் செய்தியாகவே படித்திருப்பான். கொடுமை ஒழிந்தது நமக்கு இழப்பாகத் தோன்றும்படி நம்மை நிறுத்திவிடுகிறதே, இந்த வணிகத்தின் ஆற்றலை என்னென்பது!

அண்மைக் காலத்திலும் இக்கேள்வி செத்துவிடவில்லை. உசுபெகிசுதான் நாட்டிலே, பல்லாண்டுகளாக, பருத்தி பறிக்கும் பருவத்திலே மாணவரையும் மருத்துவரையும் என் போன்ற ஆசிரியரையும் அரசே வலிந்து காட்டுக்கு அனுப்பியது. உலகின் முந்நூறுக்கு மேற்பட்ட துணி வணிக நிறுவனங்கள் அந்நாட்டுப் பஞ்சை வாங்கோம் என்று உறுதி எழுதிக் கொடுத்தன. கட்டாய உழைப்பு முறை ஒழிந்தது என்று கண்ட பிறகே, 2022 மார்ச்சில் அந்த விலக்கு நீக்கப்பட்டது. லண்டியின் சிறு கடையால் ஆகாதது, பெரிய கைகள் மறுத்தபோது பெருமளவு ஆயிற்று. மறுக்கும் வலிமை எங்கே இருக்கிறதோ அங்கே கடமையும் இருக்கிறது என்று நான் கருதுவது இதனால்தான்.

நம் தமிழகத்து நூற்பாலைகளிலே, சுமங்கலித் திட்டம் என்ற மங்கலப் பெயரால், இளம்பெண்களை மூன்றாண்டுகள் விடுதியில் அடைத்து, முடிவிலே திருமணத்துக்கு ஒரு தொகை என்று ஆசை காட்டி வேலை வாங்கிய செய்தி ஊரறிந்தது. இடையில் நின்றால் தொகை இல்லை என்பார்கள். வரதட்சணை எனும் பழங்கொடுமையை முதலீடாக்கிக் கொண்ட புதுக்கொடுமை! பெண்ணுக்குத் தாலியைக் காட்டினால் பெற்றோர் வாய் திறவார் என்பதை வகுத்தவன் நன்கறிந்திருந்தான்.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஓர் ஆலைக்குச் சென்றாள். கணக்கிலே கெட்டிக்காரி. சென்ற பொங்கலுக்கு ஊர் வந்தபோது, என்னைக் காண வந்தாள்; ஒரு சட்டைத்துணி கொண்டு வந்தாள். "எங்கள் ஆலை நூல், ஐயா" என்றாள். குரலிலே பெருமை இருந்தது. தன் உழைப்பைப் பிறர் உடுத்தக் காணும் பெருமை. அதை யார் குறை கூற முடியும்?

துணியைப் பெட்டியில் பூட்டி வைப்பதா என்று ஓரிரவு எண்ணினேன். வைத்தால் என் மனச்சான்று உறங்கும். அவள் கூலி உயராது. தைத்து உடுத்திக் கொண்டேன். மறுநாள் அவள் வீட்டுக்குச் சென்று, வேலையில் சேர்ந்தபோது எழுதிய தாளைக் காட்டச் சொன்னேன். தாள் அவளிடம் இல்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆலையிலேயே வைத்துக் கொண்டார்களாம். எத்தனை ஆண்டு, எவ்வளவு கூலி, எவ்வளவு பிடித்தம் என்று எழுதியிருந்தது என அவள் தந்தைக்கும் தெரியவில்லை. அந்தத் தாளின் படி ஒன்று வேண்டும் என்று கேட்டு, மூவரும் உட்கார்ந்து ஒரு விண்ணப்பம் எழுதினோம். முதற் கையெழுத்தை அவளே போட்டாள்.